தேயிலைத் தோட்டத்து இரவு வானம்

கேமரன் மலைக்கு வருவோர் பெரும்பாலும் பகலில்தான் கேமராவை வெளியே எடுக்கின்றனர். சீராக வெட்டிவிடப்பட்ட தேயிலைச் செடிகள், அவற்றிடையே வளைந்து செல்லும் மண்பாதை, சரிவில் தவழும் பனிமூட்டம் ஆகியவை படங்களாகின்றன. மாலை ஏழரை மணிக்கு மேல் இருள் கவிந்ததும் கேமரா பைக்குள் போய்விடுகிறது. வந்தவர்களும் பிரிஞ்சாங்கில் உள்ள ஸ்டீம்போட் கடைகளுக்குள் நுழைந்துவிடுகின்றனர். அந்த நேரத்தில்தான் தோட்டத்தின் மேலே இன்னொரு காட்சி தொடங்குகிறது. மேகமற்ற பிப்ரவரி மாத இரவில், விளக்கு வெளிச்சம் எட்டாத ஒரு தேயிலைச் சரிவில் நிற்பவர் ஆயிரக்கணக்கான விண்மீன்களைக் காணலாம். அவர் கையில் சாதாரண கேமராவும் ஒரு முக்காலியும் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத சிலவற்றையும் பதிவு செய்யலாம். விலையுயர்ந்த தொலைநோக்கி இதற்குத் தேவையில்லை.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளந்தான் எல்லைகளை ஒட்டி அமைந்தது கேமரன் மலை மாவட்டம். 1885இல் இப்பகுதியை அளக்க வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே இதற்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டைத் திருத்தி, சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து பறித்து இத்தோட்டங்களை உருவாக்கியதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. விண்மீன்களைப் படமெடுக்க விரும்புவோருக்கு இந்த மலை மூன்று வகையில் உதவுகிறது.

முதலாவது, உயரம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குனோங் பிரிஞ்சாங்கின் உச்சி 2,031 மீட்டர். 1,500 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குக் காற்று மண்டலத்தின் ஆறில் ஒரு பங்கு காலடிக்குக் கீழே போய்விடுகிறது. தூசியும் நீராவியும் புகைமூட்டமும் அந்தக் கீழ்ப்பங்கில்தான் அதிகம் தங்குகின்றன. இரண்டாவது, இருள். தேயிலைச் செடிக்கு இரவில் விளக்கு வேண்டியதில்லை. எனவே தோட்டத்தின் உட்பகுதிகள் இன்னும் இருட்டாகவே இருக்கின்றன. மூன்றாவது காரணம் பலர் எண்ணிப் பார்க்காதது. அதுதான் இடத்தின் அகலாங்கு. கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ நான்கரைப் பாகையில் உள்ளது. ஆகவே வடவானத்தின் சப்தரிஷி மண்டலமும் தென்வானத்தின் தென்சிலுவையும் இங்கே ஒரே இரவில் தென்படும். ஐரோப்பாவில் வாழ்வோர் தென்சிலுவையைக் காண நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும். துருவ விண்மீன் மட்டும் வடக்கு அடிவானத்துக்கு மேல் நான்கு, ஐந்து பாகை உயரத்திலேயே நிற்பதால் மலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

தொடக்கநிலை அறிவியல் பாடத்தில் பெலந்திக், பாரி, பிடுக் என்னும் விண்மீன் குழுக்களை மாணவர்கள் படித்திருப்பர். பெலந்திக் எனப்படுவதே ஓரியன், அதாவது வேடன். முதன்முறையாகப் படமெடுப்பவர் தொடங்க வேண்டியதும் இந்தக் குழுவில்தான். வேடனின் இடைக்கச்சையாக மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில் நிற்பதால் இதை எளிதில் அடையாளம் காணலாம். தமிழர்களுக்கு இது அந்நியமான குழுவும் அன்று. வேடனின் தோளில் செந்நிறமாக ஒளிரும் விண்மீன் திருவாதிரை. தலைப்பகுதியில் மங்கலாகத் தெரியும் சிறு கூட்டம் மிருகசீரிடம். சற்று மேற்கே ரோகிணியும், அதையும் கடந்தால் கொத்தாகக் கார்த்திகையும் இருக்கின்றன. பிறந்த நட்சத்திரம் எது என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிந்தவர் பலர். அதை வானத்தில் காட்டச் சொன்னால் தயங்காதவர் மிகச் சிலரே.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஓரியன் உதிக்கும் விதமும் தனித்தன்மை வாய்ந்தது. கிழக்கே எழும்போது வேடன் பக்கவாட்டில் படுத்திருப்பான். இடைக்கச்சையின் மூன்று விண்மீன்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக மேலேறும். கிழக்கு நோக்கி நிற்பவருக்குத் திருவாதிரை இடப்பக்கமும் நீலவெண்ணிறமான ரைஜல் வலப்பக்கமும் தெரியும். இடைக்கச்சைக்கு வலப்புறமாக மங்கிய சில புள்ளிகள் வரிசையாகக் கிடக்கும்; அதுவே வேடனின் வாள். அந்த வாளின் நடுப்புள்ளியைக் கூர்ந்து பார்த்தால், அது மற்ற விண்மீன்களைப் போலக் கூர்மையாக இல்லாமல் சற்றுக் கலங்கியிருப்பது தெரியும். அது விண்மீன் அன்று; நெபுலா எனப்படும் விண்முகில்.

விண்முகில் என்பது விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வளியும் தூசியும் சேர்ந்த பெருந்திரள். ஓரியன் விண்முகிலுக்குள் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அதன் நடுவே உள்ள இளம் விண்மீன்களின் கடுமையான புற ஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள வளியைத் தூண்டி ஒளிரச் செய்கின்றன. வானியலாளர்கள் அதற்கு எம் 42 என எண்ணிட்டுள்ளனர். அதன் தொலைவு ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு. இன்று ஒரு மாணவரின் கேமராவுக்குள் விழும் அதன் ஒளி, காஞ்சியில் பல்லவர்கள் ஆண்ட காலத்தில், பூஜாங் பள்ளத்தாக்கு கடல் வணிகர்கள் தங்கிச் செல்லும் துறையாக இருந்த காலத்தில் புறப்பட்டது.

வெறுங்கண்ணுக்கும் சிறு தொலைநோக்கிக்கும் அது சாம்பல் நிறப் புகை போலவே தெரியும். படத்தில் மட்டும் இளஞ்சிவப்பாகத் தோன்றுவது ஏன்? மனிதக் கண்ணில் மங்கிய ஒளியை உணரும் செல்களுக்கு நிறத்தைப் பிரித்தறியத் தெரியாது. மேலும், கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை; நொடிக்கு நொடி புதிதாகப் பார்க்கிறது. கேமராவின் உணரியோ ஷட்டர் திறந்திருக்கும் வரை விழும் ஒளியை எல்லாம் சேர்த்துக்கொண்டே போகும். கூரையிலிருந்து சொட்டும் மழைநீர் வாளியில் நிறைவதைப் போன்றது அது. ஒரு சொட்டு பெரிதாகத் தெரியாது. பத்து நிமிடத்தில் வாளியின் அடி மறைந்துவிடும். சூடேறிய ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் உமிழும் சிவப்பு ஒளிதான் படத்தில் இளஞ்சிவப்பாகப் பதிகிறது. சாதாரண கேமராக்களில் உணரியின் முன்னே உள்ள வடிகட்டி இந்தச் சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஆகவே இணையத்தில் காணும் செக்கச்சிவந்த படங்களை முதல் முயற்சியிலேயே எதிர்பார்ப்பது சரியன்று.

ஒளியைச் சேமிக்கும் இந்த ஆற்றல்தான் வானியலின் போக்கையே மாற்றியது. அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30ஆம் நாள் ஓரியன் விண்முகிலை முதன்முதலாகப் படம் பிடித்தார். 28 சென்டிமீட்டர் அகலமான லென்ஸ் பொருத்திய தொலைநோக்கியைக் கொண்டு, புவியின் சுழற்சிக்கு ஈடாக அதைக் கடிகாரப் பொறியால் நகர்த்தியபடி, 51 நிமிடம் ஒளியைச் சேர்த்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1883இல், இங்கிலாந்தின் ஆன்ட்ரூ காமன் எடுத்த படத்தில் அதே தொலைநோக்கியின் வழியே கண்ணால் பார்த்தபோது தென்படாத விண்மீன்களும் பதிவாகியிருந்தன. கண் காணாததைப் படத்தகடு காணும் என்பது அன்று உறுதியாயிற்று. அந்த 51 நிமிடப் படத்தில் டிரேப்பர் கண்டதற்கு ஒப்பானதை, இன்றைய மின்னணு உணரி சில நொடிகளில் காட்டத் தொடங்கிவிடுகிறது. அக்காலக் கண்ணாடித் தகடுகளைவிட அது ஒளியைப் பன்மடங்கு திறமையாகப் பிடிக்கிறது.

தேவையான கருவிகள் சிலவே. ஷட்டர் நேரம், லென்ஸின் திறப்பளவு, ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்திறன் ஆகிய மூன்றையும் கையால் மாற்றக்கூடிய கேமரா எதுவாயினும் போதும். பத்தாண்டுக்கு முன் வாங்கி வீட்டு அலமாரியில் கிடக்கும் கேமராவும் நன்றாகவே வேலை செய்யும். கேமராவோடு சேர்த்துத் தரப்படும் 18 முதல் 55 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ் விண்மீன் குழுக்களைப் படமெடுக்கப் போதுமானது. விண்முகிலைச் சற்றுத் தெளிவாகக் காண விரும்புவோர், எஃப் 1.8 திறப்புடைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை இரவல் பெறுவது நல்லது. கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 18ஐ 3.5ஆல் வகுத்தால் 5.1; அதாவது முதல் லென்ஸின் வாய் 5.1 மில்லிமீட்டர் அகலம். 50ஐ 1.8ஆல் வகுத்தால் 27.8 மில்லிமீட்டர். அகலம் ஐந்து மடங்குக்கு மேல். பரப்பளவு ஏறத்தாழ 30 மடங்கு. ஒவ்வொரு விண்மீனிலிருந்தும் சேரும் ஒளியும் அவ்வாறே 30 மடங்காகிறது. இருளில் முழுமையாக விரிந்த மனிதக் கண்மணியின் அகலமே 7 மில்லிமீட்டர்தான்.

முக்காலியின் விலையைவிட அதன் உறுதியே முக்கியம். நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை நன்கு விரித்து, தோள்பையை நடுவில் தொங்கவிட்டால் காற்றுக்கு அது ஆடாது. மழை பெய்த பிறகு தோட்டத்து மண் இளகியிருக்கும். கால் நுனிகளை அழுத்தி ஊன்றாவிட்டால், படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே முக்காலி மெல்லப் புதையும். பொத்தானை விரலால் அழுத்தும் அதிர்வும் படத்தைக் கெடுத்துவிடும். ஆகவே இரண்டு நொடித் தாமத வசதியையோ தொலை இயக்கியையோ பயன்படுத்த வேண்டும். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு வசதியை முக்காலியில் பொருத்திய பின் அணைத்துவிட வேண்டும். இல்லையெனில் அது இல்லாத நடுக்கத்தைத் தேடித் தானே நடுங்கும்.

ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதே முதல் சிக்கல். புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கேமரா புவியோடு சேர்ந்து நகர, விண்மீன்கள் படத்தில் புள்ளியாக இல்லாமல் கோடாக நீண்டுவிடும். இதைத் தவிர்க்கப் படக்கலைஞர்கள் ‘500 விதி’ என்னும் எளிய கணக்கைப் பயன்படுத்துகின்றனர். 500ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதே நொடிக்கணக்கு. முழு அளவு உணரி கொண்ட கேமராவுக்கு இது பொருந்தும். பெரும்பாலான மாணவர்கள் பயன்படுத்தும் சிறிய உணரி கொண்ட கேமராவுக்குக் குவியத் தொலைவை முதலில் 1.5ஆல் பெருக்க வேண்டும். 18 மில்லிமீட்டர் லென்ஸ் 27 ஆகிறது; 500ஐ 27ஆல் வகுத்தால் 18.5 நொடி. 50 மில்லிமீட்டர் லென்ஸ் 75 ஆகிறது, விடை 6.7 நொடி.

ஆனால் இந்த விதியைக் கேமரன் மலையில் அப்படியே ஏற்கலாகாது. திருவிழா ராட்டினத்தில் நடு அச்சுக்கு அருகில் உள்ள இடம் மெதுவாகவும் ஓரத்து இருக்கை வேகமாகவும் நகரும். வானமும் அப்படியே. வான்துருவங்களுக்கு அருகில் உள்ள விண்மீன்கள் மெல்ல நகர்கின்றன. வான் நடுக்கோட்டில் உள்ளவை மிக விரைவாக நகர்கின்றன. ஓரியனின் இடைக்கச்சை கிட்டத்தட்ட அந்த நடுக்கோட்டிலேயே உள்ளது. எனவே ஓரியனுக்கு 18 மில்லிமீட்டரில் 15 நொடியும் 50 மில்லிமீட்டரில் 4 நொடியும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. நடுக்கோட்டிலிருந்து 60 பாகை தெற்கே உள்ள தென்சிலுவையோ அதன் பாதி வேகத்தில்தான் நகர்கிறது. அதற்கு இரு மடங்கு நேரம் தரலாம்.

அடுத்தது குவியம். இரவில் கேமராவின் தானியங்கிக் குவியம் தடுமாறும். அதை அணைத்துவிட்டு, ஓரியனுக்கு அருகில் உள்ள சிரியஸ் போன்ற பிரகாசமான விண்மீனை நோக்கிக் கேமராவைத் திருப்பி, பின்திரையில் அதைப் பத்து மடங்கு பெரிதாக்க வேண்டும். பிறகு குவிய வளையத்தை மெல்லத் திருப்பினால் விண்மீன் சுருங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தைத் தாண்டியதும் மீண்டும் விரியும். மிகச் சிறிதாகத் தெரிந்த அந்த இடத்தில் வளையத்தை நிறுத்தி, ஒட்டுநாடாவால் ஒட்டிவிட வேண்டும். பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். வேறெதற்கு அவசரப்பட்டாலும் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது வீணாகாது. ஐ.எஸ்.ஓ. 1600இல் தொடங்கலாம், வானம் நன்கு இருண்டிருந்தால் 3200 வரை ஏற்றலாம். படங்களை ஜேபெக் வடிவில் மட்டுமன்றி, உணரி பதிந்த தரவு முழுவதையும் வைத்திருக்கும் ரா வடிவிலும் சேமிக்க வேண்டும்.

நாள், நேரம் தேர்வதில் தமிழ் நாட்காட்டி பெரிதும் உதவும். தைப்பூசம் முழுநிலவை ஒட்டி வரும் நாள். அன்று நிலவொளியில் மங்கிய விண்மீன்கள் அனைத்தும் மறைந்துவிடும். அதற்கு இரண்டு வாரம் முன்னோ பின்னோ வரும் அமாவாசை இரவுகளே ஓரியனுக்கு ஏற்றவை. தீபாவளியும் அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது. எனினும் அது கேமரன் மலையில் மழை மிகுந்த பருவம் என்பதால் நம்பிப் பயணப்பட முடியாது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை ஒப்பீட்டளவில் குறைவு. பிப்ரவரி தொடக்கத்தில் இரவு 10 மணிக்கு ஓரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்நேரத்தில் கேமராவை நேர்மேலே திருப்புவதும் பின்திரையைப் பார்ப்பதும் கழுத்துக்குப் பெரும் சோதனை. ஏழரை மணிக்குச் சூரியன் மறைந்து, ஏறத்தாழ 70 நிமிடத்தில் வானம் முழுமையாக இருண்டுவிடும். அப்போதே, ஓரியன் கிழக்கில் பாதி உயரத்தைக் கடந்திருக்கும்போதே, தொடங்கிவிடுவது நலம்.

இங்கே ஒரு சிறு செய்தி. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக் நேரத்துடன் இணைக்கப்பட்டது. கேமரன் மலையின் நெடுவரை அடிப்படையில் பார்த்தால் கடிகாரம் ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அன்று, ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. வெளிநாட்டு நூல்களில் ‘இரவு 9 மணிக்கு உச்சியில் தெரியும்’ என்றிருந்தால், இங்கே பத்தேகால் மணிக்குப் பார்க்க வேண்டும். ஸ்டெல்லேரியம் போன்ற இலவசச் செயலியில் ஊரின் பெயரைக் கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கை அது தானே பார்த்துக்கொள்ளும்.

மலை தரும் நன்மைக்கு ஈடாக அது ஒரு தொல்லையையும் தருகிறது. அதுதான் ஈரம். இரவு ஏற ஏறக் குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். அங்கே மூடுபனி உருவாகும். ஆகவே பள்ளத்தின் அடியில் நிற்காமல் சரிவின் தோள்பட்டையில் இடம் பிடிப்பதே அறிவுடைமை. தெளிந்த வானத்தின் கீழ் லென்ஸின் முன்கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிட விரைவாகக் குளிர்ந்து, அதன் மேல் பனித்துளி படியும். துணியால் துடைத்தால் ஈரம் மெழுகியது போல் பரவும்; சிறிது நேரத்தில் மீண்டும் படியும். லென்ஸுக்கு மறைப்புக் குழல் பொருத்தி, கைகளைச் சூடாக்கப் பயன்படும் சிறு வெப்பப் பொட்டலத்தை ரப்பர் வளையத்தால் லென்ஸைச் சுற்றிக் கட்டினால் பனி படியாது. படமெடுத்து முடிந்ததும் கேமராவை நெகிழிப் பைக்குள் வைத்து மூடிய பின்பே வெப்பமான அறைக்குள் கொண்டுசெல்ல வேண்டும்.

தோட்டங்கள் தனியார் நிலம் என்பதையும் மறக்கலாகாது. நிருவாகத்தின் அனுமதி பெற்று, பெரியவர் துணையுடன், பகலிலேயே இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கையில் சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கு இருந்தால், இருளுக்குப் பழகிய கண் அந்தப் பழக்கத்தை இழக்காது. அப்பழக்கம் வர இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும்; கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலே அது கலைந்துவிடும்.

ஒரே ஒரு 4 நொடிப் படத்தில் ஓரியன் விண்முகில் சிறிய இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். சுற்றிலும் மணல் தூவியது போன்ற இரைச்சல் இருக்கும். விண்முகில் வானத்தில் ஏறத்தாழ ஒரு பாகை அகலம், அதாவது முழுநிலவைப் போல் இரு மடங்கு அகலம் உடையது. எனினும் 50 மில்லிமீட்டர் லென்ஸின் படம் 27 பாகை அகலத்தைக் காட்டுவதால் அதில் அது சிறிதாகவே அமையும். இங்கேதான் முக்காலி மட்டுமே வைத்திருப்பவருக்கு ஓர் அருமையான வழி உண்டு. அதே அமைப்பில் 100 படங்களை அடுத்தடுத்து எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே அது. டீப்ஸ்கை ஸ்டாக்கர், சீக்வேட்டர் ஆகிய இலவச மென்பொருள்கள் ஒவ்வொரு படத்திலும் விண்மீன்களின் இடத்தைக் கண்டறிந்து, நகர்ந்த அளவைச் சரிசெய்து பொருத்துகின்றன. விண்முகிலின் ஒளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும். இரைச்சலோ படத்துக்குப் படம் இடம் மாறும். சராசரி காணும்போது இரைச்சல் அடங்கி, விண்முகில் எஞ்சுகிறது. படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ, அவ்வளவு மடங்கு தெளிவு கூடும். 16 படங்களுக்கு 4 மடங்கு. 100 படங்களுக்கு 10 மடங்கு. 100 படங்களின் மொத்த நேரம் 400 நொடி, அதாவது 7 நிமிடத்துக்கும் குறைவு. இறுதியில் லென்ஸை மூடிவிட்டு அதே அமைப்பில் இருபது கரும்படங்கள் எடுத்து வைத்துக்கொண்டால், உணரியின் சொந்தக் கறைகளை மென்பொருள் கழித்துவிடும். கணிதப் பாடத்தில் வர்க்கமூலம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடக் கண்கூடான விடை கிடைப்பது அரிது.

ஓரியனோடு வானம் முடிந்துவிடுவதில்லை. மே மாத நடுவில் இரவு பத்தேகால் மணியளவில் தெற்கே தென்சிலுவை தன் உச்ச உயரத்தை அடையும். அந்த உயரமும் 25 பாகைதான் என்பதால் தெற்குப் பக்கம் திறந்த சரிவு வேண்டும். அதற்கு மேற்கே, அதாவது வலப்பக்கம், கரினா விண்முகில் இருக்கிறது. ஓரியன் விண்முகிலைவிட அது பல மடங்கு தொலைவில் இருந்தும் வானத்தில் அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஜூலை மாதத்தில் இரவு 11 மணியளவில் விருச்சிகமும் பால்வீதியின் மையமும் உயர்ந்து நிற்கும். விருச்சிகத்தின் செந்நிற இதயம் கேட்டை. கொடுக்கின் நுனி மூலம். 18 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இதைவிடச் சிறந்த காட்சி இல்லை எனலாம். வாலுக்குக் கிழக்கே பால்வீதியின் நடுவில் இளஞ்சிவப்பாகத் தெரியும் புள்ளிகளுள் ஒன்று லகூன் விண்முகில்.

இப்படங்களில் விண்மீன்கள் மட்டும் பதிவதில்லை. மேற்கு அடிவானத்தை நோக்கி எடுத்த படத்தில் ஈப்போவும் கிந்தா பள்ளத்தாக்கும் எழுப்பும் வெளிச்சம் ஆரஞ்சு நிறத்தில் படர்ந்திருக்கும். மலையிலேயே இன்னொரு வெளிச்சமும் உண்டு. கேமரன் மலையின் பூந்தோட்டங்கள் பலவற்றில் இரவில் வரிசை வரிசையாக விளக்குகள் எரிவதைக் காணலாம். செவ்வந்திச் செடி இரவு நீண்டால்தான் பூக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுதும் இரவு ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிப்பதால், செடி உயர்ந்து வளரும் முன்பே மொட்டு விட்டுவிடும். விளக்கேற்றி இரவைக் குறுக்கினால் அது தண்டு நீளும் வரை காத்திருக்கும். பூ விவசாயியின் பிழைப்பு அந்த விளக்கில் இருக்கிறது. அதை வெறும் குறை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் நெகிழிக் கூரையின் வழியே மேலே கசியும் ஒளி எந்தச் செடிக்கும் பயன்படுவதில்லை. அது மூடுபனியில் பட்டுச் சிதறி, வானத்தை வெளுக்கச் செய்கிறது.

உலகெங்கும் இதே நிலைதான். 2016இல் வெளியான உலக வான்வெளிச்ச வரைபடத்தின்படி, மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் பால்வீதியைக் காண முடியாத இடங்களில் வாழ்கின்றனர். சிங்கப்பூர் மக்கள் அனைவரும், கண் இருளுக்கு முழுமையாகப் பழகவே முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்வதாக அதே ஆய்வு கூறுகிறது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் விண்மீன்களை எண்ணி அனுப்பிய பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடிவந்ததை 2023இல் வெளியிட்டனர். 250 விண்மீன்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தை, இதே வேகம் தொடர்ந்தால், 18 வயதில் 100ஐ மட்டுமே காணும்.

கேமரன் மலையில் இதை அளக்க ஒரு மாணவரின் கேமராவே போதும். அமாவாசை இரவில், 18 மில்லிமீட்டர், எஃப் 3.5, ஐ.எஸ்.ஓ. 1600, 15 நொடி என அமைப்பை நிலையாக வைத்துக்கொண்டு, மூன்று இடங்களில் உச்சிவானத்தைப் படமெடுக்க வேண்டும்: பிரிஞ்சாங் கடைவீதி, பூந்தோட்டத்தை அடுத்த சாலையோரம், தேயிலைத் தோட்டத்தின் உட்புறம். மூன்றையும் கணினியில் அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவுள்ள சதுரத்துக்குள் தெரியும் விண்மீன்களை எண்ணலாம். நாள், நேரம், இடம், மேகத்தின் நிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு அதே மாதத்து அமாவாசையில் வேறொரு மாணவர் அதே இடங்களுக்குச் சென்று, அதே அமைப்பில் படமெடுத்து, அந்த எண்ணிக்கையோடு ஒப்பிட முடியும்.